கீறல் விழாத சிவப்பு சைக்கிள்

அத்தியாயம் 6

காவல் நிலையத்தின் பின்புறம், மணல் கடத்தியதாகப் பிடிபட்ட மாட்டுவண்டிகளுக்கும் துருவேறிய மொபெட்டுகளுக்கும் நடுவில் அந்தச் சிவப்பு சைக்கிள் கிடந்தது. அதன் கீழ்க்குழாய் நடுவில் பிளந்து, பிய்த்த கரும்பைப் போலக் கறுப்பு நார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சநதம் அதன் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உட்காரும்போது ஏதோ ஒன்று 'மடக்' என்றது.

"சைக்கிளா, உங்க முழங்காலா சார்?" என்றாள் அனீஸா.

"ரெண்டுக்கும் வாரண்டி முடிஞ்சுபோச்சும்மா."

பஞ்சநதம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தஞ்சாவூர் கீழவாசலில் தனியார் விசாரணை என்று பலகை மாட்டியவர். ஓய்வு என்பது காகிதத்தில் மட்டும்தான் கிடைத்தது. அனீஸா சட்டம் படித்தவள். நீதிமன்றத்தில் வாய்தா கேட்டு நிற்பதைவிட இவரோடு வாயாடுவது மேல் என்று வந்து சேர்ந்தவள். மூன்று இரவாக அவர் சரியாகத் தூங்கவில்லை. அது அவர் கண்ணில் தெரிந்தது. சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டியிருந்ததிலும் தெரிந்தது. அனீஸா சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் சிரிக்க ஒன்று வேண்டுமே.

விவகாரம் இதுதான். பொங்கல் கழிந்த ஞாயிறு விடியலில், தஞ்சாவூரைச் சேர்ந்த சைக்கிள் குழு ஒன்று ஒரத்தநாடு சாலையில் போய்க்கொண்டிருந்தது. ஆறு பேர். அதில் நெடுஞ்செழியன் என்ற கால்நடை மருத்துவர் தூக்கி எறியப்பட்டு, இடுப்பெலும்பு நொறுங்கி மருத்துவமனையில் கிடக்கிறார். ஓடிக்கொண்டிருந்தபோதே அவருடைய கார்பன் சைக்கிள் தானாக உடைந்துவிட்டது என்றும், விற்றவர் போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்றும் குழுத் தலைவர் ராஜராஜன் புகார் கொடுத்தார். விற்றவர் லியாகத் அலி. வளைகுடாவில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்து கடை போட்டவர். அவர்தான் பஞ்சநதத்தின் கட்சிக்காரர். இன்று மாலை நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்று ரைட்டரே பஞ்சநதத்தின் காதில் போட்டிருந்தார்.

"அனீஸா, ஒரு சைக்கிள் ரோட்டுல விழுந்தா முதல்ல எது தேயும்?"

"நம்ம தோலு."

"அதுக்கு அப்புறம்."

அனீஸா குனிந்து பார்த்தாள். "ஹேண்டில்பார் முனை. பெடல். சீட்டோட ஓரம். இந்த மூணும் தரையில படாம எந்த சைக்கிளும் படுக்காது."

"பாரு."

பார்த்தாள். பெடல் முனையில் சிராய்ப்பு இல்லை. சீட்டு பளபளவென்று இருந்தது. கைப்பிடியில் சுற்றிய வெள்ளை நாடாவில் ஒரு கறைகூட இல்லை.

"இது புதுப்பொண்ணு மாதிரியில்ல இருக்கு," என்றாள். "ஆள் விழுந்தாரு. சைக்கிள் விழல."

பஞ்சநதம் எழுந்திருக்க அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்ப விழுந்த சைக்கிள் எங்க?"

சம்பவ இடத்துக்கு அனீஸாதான் காரை ஓட்டினாள். சாலையோரம் நெடுக நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சம்பா அறுவடை நேரம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதிச் சாலையை எடுத்துக்கொண்டு முன்னால் போனது. பஞ்சநதம் ஜன்னலில் தலை சாய்த்திருந்தார்.

"தூங்கறதா இருந்தா சொல்லிடுங்க சார். நானே கேஸை முடிச்சு உங்க பக்கத்துல வெச்சிடறேன்."

"கண்ணை மூடி யோசிக்கிறேன்."

"யோசனை குறட்டை விடுது."

புதாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், அறுப்பு மிஷினுக்காகக் காத்திருந்த துரைக்கண்ணுவைப் பிடித்தார்கள். விபத்தன்று விடியலில் வயலைப் பார்க்க வந்தவர், சத்தம் கேட்டுச் சாலைக்கு ஓடியிருந்தார். போலீஸ் வாக்குமூலத்தில் வெளியாள் என்று இருந்தவர் இவர் ஒருவர்தான்.

"எத்தனை தடவைங்க சொல்றது," என்றார் துரைக்கண்ணு. "போலீசுக்குச் சொல்லியாச்சு. பேப்பர்காரருக்குச் சொல்லியாச்சு. மிஷின் வர்ற நேரம், வழி வேற ஈரமா கெடக்கு."

"போலீசுக்குச் சொன்னதை விட்டுடுங்க. அங்க சொல்லாதது எதாவது இருந்தா சொல்லுங்க."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "பனி மூட்டம். ஆளு தெரியல. டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. வந்து பாத்தா எல்லாரும் அந்த டாக்டரைச் சுத்தி நிக்கிறாங்க. நெட்டையா ஒருத்தர், அந்த சைக்கிளை ஓரமா எடுத்து வைங்கன்னாரு. தூக்கினேன். யப்பா, பனியில கெடந்த பம்புசெட் பைப்பு மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. விரலே மரத்துப்போச்சு."

பஞ்சநதத்தின் தூக்கம் கலைந்தது. "எந்த இடத்துல உடைஞ்சிருந்துச்சு?"

"உடையலைங்களே. பின் சக்கரத்துக்கு மேல குழாய் நசுங்கியிருந்துச்சு. சொம்பு கீழ விழுந்தா பள்ளம் விழும் பாருங்க, அப்படி."

"இதைப் போலீஸ்ல சொல்லலையா?"

"சைக்கிள் போச்சான்னு கேட்டாங்க. போச்சுங்கன்னேன். எழுதிக்கிட்டாங்க."

அனீஸா இருமலை வைத்துச் சிரிப்பை மறைத்தாள்.

"கூட வந்த கார் எங்க நின்னுச்சு?"

"தோ, அந்தப் புளியமரத்துக்கிட்ட. வெள்ளைக் கார். லைட்டு எரிஞ்சபடியே நின்னுச்சு."

புளியமரம் பாலத்தின் பக்கம், விபத்து நடந்த இடத்தைத் தாண்டி இருந்தது. ராஜராஜனின் புகாரிலோ, தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிய தன்னுடைய கார் வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தது என்று எழுதியிருந்தது.

"பின்னாடி வந்த கார் எப்படி சார் முன்னாடி நிக்கும்?" என்றாள் அனீஸா, காருக்குத் திரும்பும்போது.

"தாண்டிப் போனாத்தான் நிக்கும்."

லியாகத் அலியின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வழிநெடுக சைக்கிள்கள். பாதிக்கு மேல் திருப்பிக் கொண்டுவந்து போட்டவை. விபத்துச் செய்தி பரவியதிலிருந்து தினம் ஒருவர் வந்து, இது நல்ல கார்பனா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறார் என்றார் அவர். குரலில் கோபம்கூட இல்லை. காலையில் குளித்துச் சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை. மாற்று உடுப்பு என்று கேட்காமலே தெரிந்தது.

"பாய், தொட்டா சில்லுன்னு இருக்கறது எது?"

லியாகத் அலி அவரையே பார்த்தார். பிறகு எழுந்து, இரண்டு சைக்கிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "கை வைங்க."

ஒன்று வெறும் மரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. மற்றது, அந்த மதிய வெயில் வேளையிலும், உள்ளங்கையில் குளிர்ந்தது.

"இது கார்பன். அது அலுமினியம். சுண்டிப் பாருங்க, சத்தமும் வேற. கார்பன் லேசு. மேடு பள்ளத்துல உடம்பு அலுக்காது. ஆனா அடி தாங்காமப் போச்சுன்னா பட்டுனு விட்டுடும். அலுமினியம் முரடு. உடம்பை உலுக்கும். அடிபட்டா நசுங்கும், வளையும், அப்பவும் வீடு கொண்டுவந்து சேத்துடும்."

"கார்பன் நசுங்காதா?"

"நசுங்கவே நசுங்காது. விரிசல் விடும், இல்ல உடையும்."

அனீஸா பஞ்சநதத்தைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட ரெண்டும் இருந்துச்சா பாய்?"

"இருந்துச்சே. பழசு அலுமினியம். ரோடெல்லாம் நெல்லும் வைக்கோலுமா கெடக்கு டாக்டர், இந்த ஊருக்கு அலுமினியமே போதும், கார்பன் எதுக்குன்னு நானே சொன்னேன். கேக்கல. தரங்கம்பாடி வரைக்கும் நிக்காமப் போகணும், கடலைப் பாத்துட்டுத் திரும்பணும், அதுக்கு வேணும்னாரு. ஆசைப்பட்டுக் கேட்டா என்ன பண்றது. வரவழைச்சுக் குடுத்தேன். ரெண்டும் அண்ணன் தம்பியா தெரியணும்னு சொல்லி, பழசுக்கும் அதே சிவப்பு அடிக்கச் சொன்னாரு. அடிச்சுக் குடுத்தேன்." சற்று நிறுத்தினார். "வித்தவன் மேல சந்தேகப்படறாங்க. வேணாம்னு சொன்னவனும் நான்தான்."

சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து அவரை நீக்கிவிட்டிருந்தார்கள். ஆனால் அன்று கிளம்பும் முன் போட்ட படம் மட்டும் அவருடைய போனில் தங்கியிருந்தது. இருட்டில், காரின் முகப்பு வெளிச்சத்தில், ஆறு பேர் சைக்கிளைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். அனீஸா அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள்.

ராஜராஜன் ஊருக்கு வெளியே அரிசி ஆலை வைத்திருந்தார். ஆறடிக்கும் மேலான உயரம். துரைக்கண்ணு சொன்ன நெட்டை ஆள் இவர்தான் என்பதில் சந்தேகமில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். பஞ்சநதம் டீ வரும்வரை பொறுக்கவில்லை. அவருக்கு அலுப்பாக இருந்தது. சுற்றி வளைத்துக் கேட்கத் தெம்பில்லை.

"அலுமினிய சைக்கிளை எங்க வெச்சிருக்கீங்க?"

ராஜராஜனின் கண் ஒரு கணம், கோடியில் அடுக்கியிருந்த தவிட்டு மூட்டைகள் பக்கம் போய்வந்தது.

அனீஸா எழுந்து அங்கே போனாள். மூட்டைகளுக்குப் பின்னால் கோணிச்சாக்கு போர்த்தி நின்றிருந்தது அது. அதே சிவப்பு. கைப்பிடி முனை தேய்ந்து, பெடல் சிராய்த்து, பின்குழாயில் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"காரோட வெள்ளை," என்றாள் அவள்.

ராஜராஜன் நாற்காலியில் சரிந்தார். வெகுநேரம் தூக்கி வைத்திருந்த மூட்டையை இறக்கியவரைப்போல மூச்சு விட்டார். "நான்தான். நான்தான் கார் ஓட்டினேன். பனியில தெரியல, இடிச்சுட்டேன். செழியன் வீட்ல மாட்டியிருந்த கார்பன் சைக்கிளை எடுத்தாந்து கடப்பாரையால உடைச்சு, போலீஸ்ல ஒப்படைச்சேன். எழுதிக்கங்க. கையெழுத்துப் போடறேன்."

பஞ்சநதம் தலையை ஆட்டினார். முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

"சார் ஒரு நிமிஷம்," என்றாள் அனீஸா. போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். "வலது ஓரத்துல நிக்கிறது நீங்கதானே? கால்ல என்ன?"

"சைக்கிள் ஷூ."

"அடியில பெடல்ல மாட்டிக்கிறதுக்குக் கொக்கி வெச்சது. இதைப் போட்டுக்கிட்டு நடந்தாலே வாத்து மாதிரி இருக்கும். கிளட்ச்சை எப்படி மிதிச்சீங்க? நீங்க கையில சைக்கிளைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. ஆறு பேரும் நிக்கிறீங்க. ஆறு பேர் கால்லயும் அதே ஷூ. உங்க கார் தானா ஓடிச்சா?"

ராஜராஜன் டீ கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினார்.

பஞ்சநதம் போனை வாங்கிக் கண்ணுக்கருகில் பிடித்தார். ஐந்து பேர் படத்துக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், பல்லைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தி. நெடுஞ்செழியன் மட்டும் அப்படிச் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, படம் எடுக்கிற ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தை எடுத்தது யாருங்க?" என்று கேட்டார் பஞ்சநதம். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"வேணாம் சார்," என்றார் ராஜராஜன். "என் பேரையே எழுதிக்கங்க."

மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. நெடுஞ்செழியன் இடுப்பிலிருந்து கால்வரை கட்டுப்போட்டுப் படுத்திருந்தார். கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் அவர் மனைவி கனிமொழி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வேறொரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குப் போகும் சீருடையிலேயே இருந்தாள். சின்ன உருவம். கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது.

பஞ்சநதம் தன்னை யாரென்று சொன்னார். அலுமினிய சைக்கிள் கிடைத்துவிட்டது என்றார்.

ஆரஞ்சுச் சுளை அவள் கையிலேயே நின்றது.

"ராஜராஜன் சொல்லிட்டானா?" என்றார் நெடுஞ்செழியன்.

"அவர் தன் பேரைத்தான் சொன்னார். நல்ல சிநேகிதர்."

"கனியை ஒண்ணும் கேக்காதீங்க. எல்லாம் என்னால வந்தது. கார் ஓட்டற ஆள் அன்னைக்கு வரல. இவ அப்பத்தான் நைட் டியூட்டி முடிச்சு வந்து நின்னா. மூணு நாளா தொடர்ந்து நைட்டு. படுக்கறேன்னா. நான்தான் விடல. வாயேன், மெதுவா பின்னாடியே வந்தாப் போதும், விடியறதைப் பாக்கலாம்னு கூப்பிட்டேன்."

"தூங்கிட்டேன் சார்," என்றாள் கனிமொழி. குரல் தட்டையாக வந்தது. "பனி கண்ணை மறைக்கல. எதுவும் மறைக்கல. இவர் முதுகைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். பின்னாடி சிவப்பு லைட்டு மினுக் மினுக்னு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு வந்தேன். அப்புறம் சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

அனீஸா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரோட்டுல கெடக்கும்போதே சொன்னேன்," என்றார் நெடுஞ்செழியன். "சைக்கிள் உடைஞ்சுதுன்னு சொல்லுங்கடா, கார்பனை உடைச்சுக் குடுங்கடான்னேன். இவ மேல கேஸ் வந்தா வேலை போயிடும். நான் படுத்துக் கெடக்கேன். பொண்ணு பத்தாவது படிக்கிறா. நாங்க என்ன சார் பண்ணுவோம்? சைக்கிள் கம்பெனிதானே, எங்கேயோ வெளிநாட்டுல இருக்கறவன், அவனுக்கு என்ன ஆயிடும்னு நெனச்சேன்."

"கம்பெனிக்கு ஒண்ணும் ஆகல," என்றார் பஞ்சநதம். "லியாகத் அலியை இன்னைக்கு உள்ள வைக்கப் போறாங்க."

கனிமொழி நிமிர்ந்தாள். "யாரை?"

நெடுஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கடைக்காரர் பாயையா? எதுக்கு?" அவள் கணவனைப் பார்த்தாள். "கம்பெனிக்குத்தானே எழுதிப் போட்டிருக்குன்னு சொன்னீங்க? ராஜா அண்ணனும் அதைத்தானே சொன்னாரு?"

"புகார் அவர் பேர்லதான் இருக்கு," என்றார் பஞ்சநதம். "போலிச் சரக்கு, ஏமாத்தி வித்தாருன்னு. கடையில பாதி சைக்கிள் திரும்பி வந்தாச்சு. மாத்துத் துணியை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

அவள் உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தாள். குழாயடியில் கை கழுவினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கனி, போவாத."

"வார்டு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறேன். தண்ணி வேணும்னா மணி அடிங்க."

"நான் சொல்றதைக் கேளு. என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது."

"தெரியுங்க," என்றாள் அவள். "உங்களுக்குக் காலே போயிருந்தாலும் நான் பாத்துக்குவேன். அந்த மனுசன் உள்ள இருக்கும்போது இந்த ரூம்ல உக்காந்து உங்களுக்குப் பழம் ஊட்ட முடியாது."

நெடுஞ்செழியன் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவள் வாசலில் ஒரு கணம் நின்றாள். திரும்பி வரவில்லை.

காரின் பின்சீட்டில் கனிமொழி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்தாள்.

நிலையத்தில் லியாகத் அலி முன்பே வந்து, சுவரோர பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் ஏதோ ஊர்வலப் பாதுகாப்புக்குப் போயிருந்தார். வந்துவிடுவார் என்றார் ரைட்டர். கனிமொழி ரைட்டரின் மேஜைக்கு முன்னால் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கார் ஓட்டியது தான் என்றாள். தூங்கியது தான் என்றாள். சைக்கிள் உடையவில்லை, உடைத்தார்கள் என்றாள். ரைட்டர் பேனாவை மூடிவிட்டு, "அய்யா வரட்டும்மா, அவர்கிட்ட ஒருக்கா சொல்லுங்க. உக்காருங்க," என்றார்.

உட்கார அந்த ஒரு பெஞ்சுதான் இருந்தது.

அவள் லியாகத் அலியின் எதிரே போய் நின்றாள். "எனக்குத் தெரியாதுங்க பாய். உங்க பேர்லன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா முன்னாடியே வந்திருப்பேனான்னு கேட்டா, அதுவும் சொல்லத் தெரியல."

லியாகத் அலி அவளுடைய சீருடையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் சேர்த்து வைத்தது அவர் முகத்தில் வந்து நின்றது. கடைசியில் அவர் கேட்டது வேறு.

"டாக்டர் நடப்பாராம்மா?"

"தெரியலைங்க. நாளைக்குத்தான் ஸ்கேன்."

அவர் துணிப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். கனிமொழி உட்கார்ந்தாள்.

பஞ்சநதமும் அனீஸாவும் வாசல் வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்தார்கள். கனிமொழிக்கு ஜாமீன் உடனே கிடைத்துவிடும், பெரிய பிரிவு எதுவும் வராது, லியாகத் அலி மேல் இருக்கும் புகாரை இன்றே முடித்துவிடலாம் என்று அனீஸா வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள். பஞ்சநதம் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினார். சட்டைப் பொத்தான் தப்பாக மாட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தார். மாற்றவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே நுழைந்தார். "யாருய்யா அந்த சைக்கிள் கேஸு?" என்ற அவருடைய கனத்த குரல் வெளியே கேட்டது.

பஞ்சநதம் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

கனிமொழி சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பை மடியிலிருந்து சரிந்து, விழாமல் லியாகத் அலியின் கையில் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பெஞ்சு ஆடும்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்," என்றார் லியாகத் அலி. "பாவம், இப்பத்தான் கண்ணசந்தாங்க."